கியர்பாக்ஸை இறக்கும் முன்

கேள்வி: என்னிடம் 2007 மாடல் டீசல் பிக்கப் இருக்கிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து பாலக்காட்டுக்குத் தக்காளி ஏற்றுகிறேன். ஒரு மாதமாக ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று அரைக்கிறது. கிளட்சை அடிவரை மிதித்தாலும் முதல் கியரில் வண்டி மெல்ல நகர்கிறது. நாலு தடவை மிதித்து மிதித்து விட்டால் கியர் ஒழுங்காக விழுகிறது. லோடு இழுப்பதில் குறையில்லை. கிளட்ச் செட் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்கணும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். நாலு தடவை மிதித்தால் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதில் இருக்கிறது. பிளேட் தேய்ந்த வண்டி ஏற்றத்தில் உறுமும், வேகம் ஏறாது, கருகல் வாடை அடிக்கும். உங்கள் வண்டியில் கிளட்ச் நன்றாகவே பிடிக்கிறது, விடத்தான் மாட்டேன் என்கிறது. மிதிக்க மிதிக்க விடுகிறது என்றால், பெடல் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் ஆயில் லைனில் காற்று புகுந்திருக்கும், இல்லையென்றால் சிலிண்டர் சீல் போயிருக்கும்.

முதலில் கிளட்ச் ஆயில் டப்பாவைப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். பெடலுக்கு மேலே, அதன் கம்பி நுழையும் இடத்தை விரலால் தடவுங்கள். ஈரம் இருந்தால் மாஸ்டர். அப்புறம் வண்டிக்கடியில் போய், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும், அந்த ஆயில் வந்து தள்ளிக் கிளட்சை விடவைக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்குங்கள். ஆயில் சொட்டினால் திருடன் அகப்பட்டான்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பட்டறை தொடங்கிய புதிதில் இதே புகாரோடு வந்த வண்டிக்கு ஒரு பகல் முழுக்கப் பாடுபட்டு கியர்பாக்ஸை இறக்கி, புது செட் போட்டு ஏற்றினேன். ரிவர்ஸ் போட்டேன். அதே கறகற! அந்த உறையை அப்போதுதான் தூக்கிப் பார்த்தேன். கூலி வாங்க வாய் வரவில்லை.

சீல் மாற்றினாலும், சிலிண்டரே மாற்றினாலும், காற்றை எடுத்தாக வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் ஸ்லேவ் சிலிண்டரில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். டப்பா மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ போட்டிருக்கும். அந்த பிரேக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கைக்கு அகப்பட்டது என்று இன்ஜின் ஆயிலை ஊற்றினால் சீல்கள் உப்பிவிடும்.

எங்கும் ஒழுகலே இல்லையா? பெடலை மிதிக்கச் சொல்லி ஸ்லேவ் கம்பி நகர்வதைப் பாருங்கள். மிக மிகக் கொஞ்சமாக நகர்ந்தால் கோளாறு இன்னும் ஆயில் லைனில்தான். மாஸ்டர் உள்ளுக்குள்ளேயே ஆயிலைப் பின்னுக்கு விடலாம். தாராளமாக நகர்ந்தும் கிளட்ச் விடவில்லை என்றால் உங்கள் மெக்கானிக் சொன்னதே சரி, இறக்குங்கள். இறக்கியதும் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். கிளட்ச் பிளேட் உரசும் ஃப்ளைவீல் முகத்தையும், இன்ஜின் ஆயில் பின்பக்கம் வராமல் தடுக்கும் கிராங்க் பின்சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஆயில் கசிந்தால் புதுப் பிளேட்டும் வழுக்கும்.

கேள்வி: கிளட்சை மிதித்தால் ஒரு கீச்சுச் சத்தம், காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. எதனால்?

பதில்: பெரும்பாலும் ரிலீஸ் பேரிங், அதாவது மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டை அழுத்தும் பேரிங். ஓட்டும்போது இடது காலைப் பெடல் மேலேயே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதில்தான் அது தேயும். நியூட்ரலில், காலை எடுத்தால் சத்தம், மிதித்தால் அமைதி என்று மாறி வந்தால் கியர்பாக்ஸ் முன் பேரிங்கைப் பாருங்கள். அந்தச் செலவு வேறு கணக்கு.