அப்பாவின் இருமலும் அஸ்பெஸ்டஸ் தூசியும்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. திருகோணமலையில் முப்பது வருடமாக மேசன் வேலை. கூரைக்கு அஸ்பெஸ்டஸ் சீற் வெட்டுவதும் அவர்தான். ஒரு வருடமாக வறட்டு இருமல். கோணேசர் கோயில் ஏற்றத்தில் நின்று நின்றுதான் ஏறுகிறார். பீடியும் குடிப்பார். சீற் தூசிதான் காரணமா? எங்கள் வீட்டுக் கூரையும் அதுதான், பயமாக இருக்கிறது.
- வாசகி, உப்புவெளி

பதில்: காரணமாக இருக்கலாம். ஆனால் பீடியால் வரும் நுரையீரல் நோய், காசநோய், இதய நோய் எல்லாம் இப்படித்தான் தொடங்கும். நீங்களாக முடிவு கட்டாமல் இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அங்கே "மேசன்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த வயதில் சீற் வெட்டத் தொடங்கினார், வாளாலா கிரைண்டராலா, மூக்கை மூடிக்கொண்டாரா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் வைத்தியருக்கு இது தெரியவராது.

கிரைண்டர் கிளப்பும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார்கள் இருக்கும். நுரையீரலுக்குள் போனால் கரையாது. அவற்றைச் சுற்றித் தழும்பு படர்ந்து நுரையீரல் விறைத்துப் போகும். அதுதான் அஸ்பெஸ்டோசிஸ். பொதுவாக 10, 20 வருடம் கழித்துத்தான் தெரியவரும். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு 20 முதல் 50 வருடம்கூட ஆகும். நுரையீரல் புற்றுநோயும் வரலாம். அஸ்பெஸ்டஸோடு பீடியும் சேர்ந்தால் அந்த ஆபத்து பல மடங்கு. தழும்பை மாற்ற மருந்து இல்லை, பீடியை இன்றைக்கே விடலாம். தயவுசெய்து விடச் சொல்லுங்கள்.

சளிப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் பரிசோதனை, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கான் செய்வார்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். சளியில் இரத்தம், உடல் மெலிவு, ஒருபக்க நெஞ்சு நோ இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

சரி, உங்கள் கூரை. இலங்கையில் நீல அஸ்பெஸ்டஸ் 1987இல் தடை செய்யப்பட்டது. அதன்பின் வந்த சீற்களில் இருப்பது வெள்ளை. அதுவும் புற்றுநோய் தரக்கூடியதுதான். ஆனால் உடையாத சீற்றின் கீழே படுத்து எழும்புவதால் வரும் ஆபத்து மிகக் குறைவு. வெட்டுவதும் துளைப்பதும் பாசி சுரண்டுவதும்தான் கெடுதல். மாரிக் காற்றில் சீற் உடைந்தால் காய்ந்தபடி கூட்டாமல், தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு, தடித்த பையில் கட்டுங்கள்.

இன்னொன்று. அப்பாவின் வேலைச் சாரத்தை இத்தனை வருடம் உதறித் துவைத்தது அம்மாதானே? அந்தத் தூசி அவருக்குள்ளும் போயிருக்கும். அவருக்கு இருமலோ இளைப்போ வந்தால், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.