மாத்திரையை நிறுத்துவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டு, மாலை 7 முதல் காலை 7 வரை. மூன்று வருடமாக நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம். பேனல் கிளினிக்கில் ஓமெப்ரசோல் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தினம் ஒன்று, வீட்டுக்கு வந்து படுக்கும் முன் சாப்பிட்டு வந்தேன். இருந்தும் வாரத்தில் நான்கு நாள் எரிந்தது. “இதைத் தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும்” என்று தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து சொன்னார். காரத் தண்ணீர் (ஆல்கலைன் வாட்டர்) இயந்திரம் விற்கிறார். விலை 4,000 வெள்ளிக்கு மேல். அவர் பேச்சைக் கேட்டு 500 வெள்ளி முன்பணம் கொடுத்து, மாத்திரையையும் நிறுத்தினேன். நான்காம் நாள் முன்பைவிட மோசமாக எரிந்தது. உடம்பு கழிவை வெளியேற்றுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த என் அப்பாவும் இதே மாத்திரைதான் சாப்பிடுகிறார். நாங்கள் இருவரும் நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் அப்பா. அவர் நிறுத்தக் கூடாது. இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், இப்போதே அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு விளக்குகிறேன்.

அடுத்தது நீங்கள். உங்கள் மாத்திரை கெட்ட மாத்திரை இல்லை, தம்பி. அதை வேலை செய்ய முடியாத நேரத்தில் சாப்பிடுகிறீர்கள். மூன்று வருடமாக உங்களுக்கு மருந்து கொடுத்தவர்கள் யாரும், “எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்?” என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது தெரிகிறது. மருந்தாளராக 22 வருடம் கவுண்டரில் நின்றிருக்கிறேன். கேஸ்டிரிக் என்று சொல்லி வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

வயிற்றுச் சுவரில் அமிலத்தை இறைக்கும் சின்னச் சின்னப் பம்புகள் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது பெரும்பாலானவை தூங்கும், சோறு உள்ளே போனதும் விழித்துக்கொண்டு இறைக்கத் தொடங்கும். ஓமெப்ரசோல் ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அடைக்கும், தூங்குகிற பம்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மாத்திரை ரத்தத்தில் இருப்பதும் சில மணி நேரம்தான். அதனால் மாத்திரை முதலில் போய்க் காத்திருக்க வேண்டும், சோறு பின்னால் வர வேண்டும். இடையில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விட்டால் போதும். நீங்கள் சாப்பிட்டு முடித்து, மாத்திரையைப் போட்டு, படுத்துவிடுகிறீர்கள். பம்புகள் வேலை முடிந்து அடங்கும் நேரத்தில் மருந்து போய்ச் சேருகிறது. பாதி பலன் அங்கேயே போய்விடுகிறது.

உங்கள் மருந்துப் பையில் ‘செபெலும் சாராப்பான்’, அதாவது காலைப் பசியாறலுக்கு முன், என்று அச்சிட்டிருப்பார்கள். மலேசியாவில் எல்லாரும் காலை 7 மணிக்கு எழுந்து பசியாறுகிறார்கள் என்று நினைத்து அடித்த லேபிள் அது. பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் இரவு முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள், அவர்களுக்குக் காலை 7 மணி ராத்திரிச் சாப்பாட்டு நேரம். தொழிற்சாலைக்கென்றே ஒதுக்கப்பட்ட பேனல் கிளினிக்கிலும் இதைக் கேட்பதில்லை. நோயாளியை மூன்று நிமிடம் பார்த்து, பழைய மருந்தையே மறுபடி எழுதி, அதே கவுண்டரில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நம் நாட்டில் தனியார் கிளினிக்கில் மருந்து எழுதுகிறவரே மருந்தையும் விற்கிறார். இடையில் நின்று, இதை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க வேறு யாரும் இல்லை. இதை மாற்ற வேண்டும் என்று வருடக்கணக்காகப் பேசுகிறோம், பேச்சோடு நிற்கிறது. அதற்கு நீங்கள் எரிச்சலால் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி இப்படிச் செய்யுங்கள். பிற்பகல் மூன்றரைக்கு எழுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்பே, வெறும் தண்ணீரில் மாத்திரையை முழுசாக விழுங்குங்கள். கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. நாலேகாலுக்கு வீட்டுச் சோறு, அதுதான் உங்கள் பெரிய சாப்பாடு. நள்ளிரவு கேன்டீனில் அளவோடு சாப்பிடுங்கள். காலை நான்கு, நாலரை இடைவேளையில் ஏதாவது லேசாகச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். ஷிப்டு முடிந்தபின் சாப்பாடு வேண்டாம். அப்போதுதான் எட்டு மணிக்குப் படுக்கும்போது வயிறு மூன்று மணி நேரமாவது சும்மா இருந்திருக்கும். ஓய்வு நாளிலும் எழுந்ததும் மாத்திரை, பிறகு முதல் சாப்பாடு என்ற வரிசை மாறக் கூடாது. முழுப் பலன் தெரிய நான்கைந்து நாள் ஆகும். ஒரு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். எட்டு வாரம் இப்படியே போகட்டும்.

நீங்கள் எழுதாவிட்டாலும், ஷிப்டு முடிந்ததும் நாசி கண்டார் கடையில் நிற்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பினாங்கில் யார்தான் நிற்பதில்லை? அதை விடச் சொல்ல மாட்டேன். பல குழம்புகளைக் கலந்த குவா சம்போர் மிதக்க மிதக்க ஊற்றிய சோறு, வறுத்த கோழி, தேங்காய்ப்பாலும் எண்ணெயும். இதில் காரத்தைவிடக் கொழுப்பும் அளவும்தான் உங்கள் எதிரிகள். கொழுப்பு வயிற்றில் நெடுநேரம் தங்கும். உணவுக்குழாயும் வயிறும் சேரும் இடத்தில் உள்ள வளையத் தசையையும் தளர்த்தும். அந்தத் தசைதான் கதவு. கதவு தளர்ந்திருக்க, வயிறு நிரம்பியிருக்க, மல்லாந்து படுத்தால் அமிலம் மேலே வராமல் எங்கே போகும்? ஆகவே நாசி கண்டாரை ஓய்வு நாளின் முதல் சாப்பாட்டுக்கு மாற்றுங்கள், குழம்பைப் பாதியாகக் கேளுங்கள். செரிக்கட்டும் என்று அப்புறம் வாயில் போடும் பெப்பர்மிண்ட் மிட்டாயும் அந்தக் கதவைத் தளர்த்தக்கூடியதுதான், அதை விட்டுவிடுங்கள். கோப்பி, தே தாரே, சிகரெட் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு வாரம் ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்த்தால் உங்களுக்கு எது ஆகவில்லை என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டு, பத்தே நாளில் எல்லாவற்றுக்கும் திரும்பி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

படுக்கும்போது இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். வயிற்றின் அமைப்பு அப்படி: இடப்பக்கம் படுத்தால் அமிலம் கதவுக்குக் கீழே தங்கும், வலப்பக்கம் படுத்தால் கதவுக்கு மேலே ஏறும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் போதாது. அது இடுப்பில் மடங்க வைத்து வயிற்றை அழுத்தும், எரிச்சல் கூடும். தொப்பை இருந்தால் நான்கைந்து கிலோ குறைந்தாலே வித்தியாசம் தெரியும்.

சரி, நிறுத்தியதும் ஏன் முன்பைவிட மோசமாக எரிந்தது? அது கழிவு வெளியேறுவது இல்லை. பல மாதம் பம்பை அடைத்து வைத்தால், வயிறு ஈடுகட்டுவதற்காக அமிலம் சுரக்கும் திறனைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று மருந்தை எடுத்துவிட்டால் அத்தனையும் ஒரே நேரத்தில் பாய்கிறது. டென்மார்க்கில் செய்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை எடுத்துக்கொண்டு ஒரு பகுதியினருக்கு மட்டும் எட்டு வாரம் இந்த வகை மாத்திரை கொடுத்தார்கள். நிறுத்தியபின் அவர்களில் 44 விழுக்காட்டினருக்கு அமிலத் தொல்லை வந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் அது 15 விழுக்காடு. நோயே இல்லாதவருக்கே இந்தக் கதி. இந்த எரிச்சலை நச்சு நீங்குவதாகச் சொல்லித்தான் ஏஜெண்டுகள் உங்களைப் பிடித்து வைக்கிறார்கள். சில வாரத்தில் அது தானாகவே அடங்கும், பெயர் இயந்திரத்துக்குப் போகும்.

எட்டு வாரம் கழித்து எரிச்சல் அடங்கியிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மூன்று, நான்கு வாரம், அப்புறம் தேவைப்படும் நாளில் மட்டும். இடையில் எரிந்தால் கெவிஸ்கோன் மாதிரி, வயிற்றில் மிதந்து மூடிபோல் நிற்கும் மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்னும் எடுத்துக்கொள்ளலாம். ரத்த அழுத்தம் இருந்தால் மருந்தாளரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். கெவிஸ்கோனிலும் ஈனோவிலும் சோடியம் உண்டு.

கிட்னி பயத்துக்கு வருகிறேன். இந்த மாத்திரையால் சிறுநீரகத்தில் அழற்சி வருவது உண்டு, ஆனால் மிக அரிது. நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களிடம் சிறுநீரகக் கோளாறு சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் பலவும் பழைய பதிவுகளைப் புரட்டி எடுத்தவை. ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்கள்தான் இந்த மாத்திரையை அதிகம் சாப்பிடுகிறார்கள் என்ற சிக்கல் அவற்றில் இருக்கிறது. 17,000-க்கும் மேற்பட்ட இதய, ரத்தக்குழாய் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு இதே வகை மாத்திரையான பான்டோபிரசோலும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் சுமார் மூன்று வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. சிறுநீரக நோயில் வித்தியாசம் இல்லை. குடல் தொற்று மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. நான் உண்மையில் கவலைப்படுவது பி12 சத்தைப் பற்றித்தான். நம்மவர்களில் நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். அதுவும் பி12-ஐக் குறைக்கும், இதுவும் குறைக்கும். அதோடு சைவம் என்றால் வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பி12 பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அப்பாவின் விஷயம். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரின் கொடுத்திருப்பார்கள், கூடவே குளோப்பிடோக்ரெல்லும் இருக்கலாம். இரண்டும் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கின்றன. ஆஸ்பிரின் வயிற்றின் உள்தோலையும் அரிக்கும். அங்கே சின்னப் புண் வந்தால், உறைய வேண்டிய ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும். வயதானவர்களுக்கு வலிகூடத் தெரியாமல் இப்படி ரத்தம் போவதுண்டு. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகும்போதுதான் தெரியவரும். அந்தக் கசிவைத் தடுக்கத்தான் அவருக்கு இந்த மாத்திரை. அவருக்கு எரிச்சல் இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. ஆஸ்பிரின் இருக்கும்வரை இதுவும் இருக்கட்டும். “எரியவில்லையே, இது எதற்கு” என்று அவரே விட்டுவிடக்கூடும், கண்காணியுங்கள். அதைவிட மோசம், பயந்துபோய் எல்லா மருந்தையும் சேர்த்து நிறுத்துவது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் நேராக மாரடைப்புதான்.

ஒன்று மட்டும் கேளுங்கள். அவர் இன்னும் குளோப்பிடோக்ரெல் சாப்பிடுகிறார் என்றால், ஓமெப்ரசோல் அதன் வேலையைக் குறைக்கக்கூடியது. அடுத்த முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, “இதற்குப் பதில் பான்டோபிரசோல் கொடுக்கலாமா?” என்று டாக்டரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். மாற்றித் தரும்வரை இருப்பதையே சாப்பிடட்டும். கூட்டம் அதிகம், கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்காதீர்கள். எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் வையுங்கள்.

நீங்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதுகுவலி, கால்வலிக்குப் பொன்ஸ்தானோ, யாரோ கொடுத்த மூட்டுவலி மூலிகை மாத்திரையோ சாப்பிடுகிறீர்களா? மூலிகை என்று விற்பதில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து பிடிபட்டவை பல. வயிற்றைக் கெடுப்பது அதுவாகவே இருக்கலாம். சாப்பிடும் எந்தப் பாரம்பரிய மருந்து டப்பாவிலும் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அது இல்லாததைத் தொடாதீர்கள்.

விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, ரத்தமாக வாந்தி எடுத்தாலோ, மலம் கறுத்தாலோ எட்டு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரைப் பார்த்து எண்டோஸ்கோப்பி பற்றிக் கேளுங்கள். நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்த்து, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால் கேஸ்டிரிக் என்று ஈனோ கலக்கிக்கொண்டு உட்காராமல் 999-ஐ அழையுங்கள்.

கடைசியாக அந்த இயந்திரம். வயிறு ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் வரை அமிலச்சாறு சுரக்கிறது. தண்ணீரின் காரத்தன்மைக்கு பிஎச் 9 என்று அவர்கள் பெருமையாகக் காட்டும் அந்த எண்ணால் மட்டும் கிடைக்கும் காரம், ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்தாலும், அரைத் தேக்கரண்டி அமிலத்தைக்கூடச் சமன் செய்யாது. அதற்கு 4,000 வெள்ளி! நோயைக் குணப்படுத்தும் என்று வாயால் சொல்வார்கள், எழுதிக் கேட்டால் தர மாட்டார்கள். விற்கிறவர் பெரும்பாலும் நம் சொந்தக்காரராகவோ கோயிலில் பார்த்த முகமாகவோ இருப்பார். அதனால்தான் மறுக்க நமக்கு வாய் வருவதில்லை.

வீட்டுக்கு வந்து விற்றதால் 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம் இதற்குப் பொருந்தும். ஒப்பந்தத்திலிருந்து விலக 10 வேலை நாட்கள் உண்டு. கையெழுத்திட்ட நாளை எண்ணிப் பாருங்கள். அந்த 10 நாள் இன்னும் முடியவில்லை என்றால் இன்றே எழுத்தில் ரத்து செய்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், போனில் சொல்லிவிட்டு விடாதீர்கள். பணத்தைத் திருப்பித் தராவிட்டால் ரசீதோடு பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள், தமிழிலேயே பேசலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதிய 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை. ரசீது தரவில்லையென்றால் பணம் கைமாறிய வங்கிப் பதிவையும் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.