கியர் விளக்கு எரியுது, எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில இருக்கேன். போன வார மழையில வண்ணாரப்பேட்டை பக்கம் தேங்கிக் கிடந்த தண்ணிக்குள்ள காரை ஓட்டிட்டு வந்தேன், பாதிச் சக்கரத்துக்கு மேல முங்கிருச்சு. மறுநாள் காலையில டேஷ்போர்டுல கியர் விளக்கு. ஆட்டோமேட்டிக் வண்டி, வாங்கி நாலரை வருஷம். ஒர்க்‌ஷாப்புல கியர்பாக்ஸைப் பிரிக்கணும், 1,40,000 ரூபாய் ஆகும்ங்காங்க. மகள் காலேஜ் ஃபீஸுக்கு 3 லட்சம் எஃப்.டி. கிடக்கு, மே மாசம் முடியுது. அதை உடைக்கவா, நகையை வைக்கவா? விளக்கை அழிச்சிட்டு வண்டியை வித்திருங்கன்னு மச்சான் சொல்லுதாரு.

பதில்: பணத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், யாரையும் கியர்பாக்ஸைப் பிரிக்கவும் விடாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும் 'ஓடுதா பாப்போம்' என்று சாவியைத் திருப்பியவன் நான். தண்ணீர் செய்த சேதத்தைத் தனியாகவும் நான் செய்த சேதத்தைத் தனியாகவும் சர்வேயர், அதாவது இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிட வருகிறவர், பிரித்து எழுதினார். இரண்டாவதற்கு ஒரு பைசா வரவில்லை.

இன்றைக்கே இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமான வெறும் தேர்டு பார்ட்டி என்றால் உங்கள் வண்டிக்கு எதுவும் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் என்றால் வெள்ளச் சேதம் அதில் அடக்கம். ஆனால் தண்ணீர் புகுந்த பிறகு ஓட்டியதால் உள்ளே தேய்ந்தது, உடைந்தது என்றால் 'தொடர் சேதம்' என்று தள்ளிவிடுவார்கள். அதற்குத்தான் 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு. பல பாலிசிகளில் கியர்பாக்ஸும் அதில் வரும், உங்களுடையதில் வருகிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலில், ஆற்றில் வெள்ளம் வருவதற்கு முன்பே உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டு போய்விடுகிறார்கள். நாம்தான் முங்கின பிறகு பாலிசியைத் தேடுகிறோம்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு, நாலு சக்கரமும் மேலே ஏறி நிற்கிற பிளாட்பெட் லாரியில் வண்டியை ஏற்றுங்கள். இன்ஜின் சுற்றுகிற சக்கரம் தரையில் உருள ஆட்டோமேட்டிக் வண்டியைக் கட்டி இழுத்தால் கியர்பாக்ஸுக்கு இன்னொரு அடி. சர்வேயர் முன்னால் ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்ணை அச்செடுக்கச் சொல்லுங்கள், கியர் ஆயிலைக் கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் பிடிக்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் இந்த ஆயில் தெளிந்த சிவப்பு. அது ரோஸ் மில்க் மாதிரி கலங்கியிருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அப்போதுகூட ஓட்டாமல் இருந்தால், ஆயிலை ரெண்டு மூணு தடவை மாற்றிக் கழுவியே தப்பிக்க வாய்ப்புண்டு. தெளிவாக இருந்தால், சென்சாரோ ஒயர் கனெக்டரோ நனைந்திருப்பதாலேயே விளக்கு எரியலாம். அதைக் காய வைத்துச் சுத்தம் செய்யும் செலவு எங்கே, 1,40,000 எங்கே! விளக்கைப் பார்த்தே கியர்பாக்ஸுக்கு விலை சொல்கிற இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும், கிளெய்மும் கிடைக்கிறது என்று வையுங்கள். பில்லில் உலோக உதிரிபாகம் 1,10,000, கூலி 30,000 என்று கொள்வோம். நாலு முடிந்து ஐந்து ஆகாத வண்டிக்கு உலோக பாகங்களில் 35 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். அது 38,500. ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு, 1,500 சி.சி. வரையுள்ள இன்ஜினுக்கு 1,000 ரூபாய். ஆக உங்கள் கையிலிருந்து சுமார் 39,500. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்ரிசியேஷன்' கூடுதல் பாதுகாப்பு இருந்தால் இன்னும் குறையும். கிளெய்ம் வாங்கினால், கேட்காமல் இருப்பவருக்கு அடுத்த பிரீமியத்தில் கிடைக்கிற நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி போகும். ஆகவே செலவு சில ஆயிரத்தோடு முடிந்தால் கேட்காமல் விடுவதே லாபம்.

அந்த 40,000-க்காக 3 லட்சத்தை உடைக்க வேண்டாம். எஃப்.டி.யின் பேரிலேயே வங்கியில் கடன் கேளுங்கள், வட்டி பெரும்பாலும் எஃப்.டி. வட்டியைவிட 1 அல்லது 2 சதவீதம்தான் கூட. 8 சதவீதம் என்றால் 40,000-க்கு ஆறு மாத வட்டி 1,600 ரூபாய், எஃப்.டி. பாட்டுக்குத் தன் வட்டியைச் சம்பாதித்துக்கொண்டிருக்கும். ஆனால் மே மாதத்துக்குள் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் முதிர்வுத் தொகையில் பிடித்துக்கொள்வார்கள், ஃபீஸ் கட்டுகிற நேரத்தில் துண்டு விழும். கிளெய்ம் மறுக்கப்பட்டு முழுத் தொகையும் தலையில் விழுந்தாலும் இதே வழிதான். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

மச்சானிடம் சொல்லுங்கள்: ஸ்கேனரால் விளக்கைத்தான் அழிக்க முடியும். கோளாறு அங்கேயேதான் கிடக்கும், வாங்கினவர் கங்கைகொண்டான் தாண்டுவதற்குள் மறுபடி எரியலாம். விற்பதாக இருந்தால் சரிசெய்து, பில்லையும் சர்வே ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு விற்கட்டும்.