களியக்காவிளை தாண்டினால் குற்றம் மாறுமா?

கேள்வி: அண்ணாச்சி, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் பாறசாலையில் லாட்டரிச் சீட்டைப் பகிரங்கமாகக் கடை போட்டு விற்கிறார்கள், கள்ளுக்கடைக்கு லைசென்ஸே கொடுக்கிறார்கள். இந்தப் பக்கம் தமிழ்நாட்டில், களியக்காவிளையில் அதையே செய்தால் போலீஸ் கேஸ். ஒரே நாட்டில் இதென்ன கூத்து? எல்லா ஊருக்கும் ஒரே குற்றவியல் சட்டம் போட்டால் என்ன?
- ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கொலை, திருட்டு, மோசடிக்கெல்லாம் ஒரே சட்டம்தான் இருக்கிறது. முன்பு 1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. காஷ்மீரில் மட்டும் ரன்பீர் தண்டனைச் சட்டம் என்று தனியாக ஒன்று இருந்தது, 2019-ல் அதுவும் போயிற்று. அமெரிக்காவில் கொலைக்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெக்சாஸில் மரண தண்டனை உண்டு, மிச்சிகனில் கிடையாது. அந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம், கொலை செய்தவன் எல்லை தாண்டினால் தண்டனை மாறக்கூடாது.

ஆனால் 'ஒரே சட்டம்' வந்தாலே நல்லது நடந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது இல்லையா, அந்தத் திருவிதாங்கூர் 1944-லேயே கொலைக்குத் தூக்கு வேண்டாம் என்று எடுத்துவிட்டது. அப்புறம் இந்தியாவோடு சேர்ந்து, 1951-ல் இந்திய தண்டனைச் சட்டம் இங்கேயும் வந்தபோது தூக்கும் கூடவே திரும்பி வந்தது. யாரும் நம்மைக் கேட்டுக் கொண்டு வரவில்லை.

சரி, லாட்டரிக்கும் கள்ளுக்கும் வருவோம். மது மாநிலத்தின் அதிகாரம். லாட்டரிக்கு 1998-ல் மத்தியச் சட்டமே போட்டார்கள், ஆனால் வேண்டாம் என்கிற மாநிலம் விற்பனையைத் தடை செய்துகொள்ளலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கேரளா 1967-லிருந்து அரசே லாட்டரி நடத்துகிறது, தமிழ்நாடு 2003-ல் தடை செய்துவிட்டது. கள்ளுக்கு இங்கே 1987-லிருந்து தடை. இதில் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அக்கானி, அதாவது பதநீர், தடவாமல் கட்டினால் கள். பனையேறி ஏறுகிற பனையும் சீவுகிற பாளையும் ஒன்றுதான், ஆனால் சுண்ணாம்பு இல்லாத கலயத்துக்கு அவர் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கிறது, டாஸ்மாக் வாசலிலோ கூட்டம் குறைவதே இல்லை.

அதற்காக இதை டெல்லிக்குத் தூக்கிக் கொடுக்கச் சொல்ல மாட்டேன். சென்னையில் போட்ட சட்டம் தப்பென்றால் நம் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம், டெல்லியில் போட்டதற்கு எந்த வாசலில் போய் நிற்பீர்கள்?