வைஃபையில் போன 84,000: வழக்கா, சமரசமா?

கேள்வி: வெள்ளி மாலை ரயிலுக்குக் காத்திருந்தபோது, போனில் தெரிந்த இலவச வைஃபையில் இணைந்தேன். 'சரிபார்க்க 1 ரூபாய்' என்று ஒரு பக்கம் திறந்தது. டெபிட் கார்டு விவரம் கொடுத்தேன். ஓடிபியும் போட்டேனோ என்னவோ. அன்றிரவே ரூ.84,000 போனதாக எஸ்எம்எஸ். திங்களன்று கிளை மேலாளரிடம் அழுதேன். எல்லோர் முன்னாலும் திட்டினார். அடுத்த வெள்ளிதான் எழுத்தில் புகார் கொடுத்தேன். ரூ.74,000 தருகிறோம் என்கிறார்கள். ரயில்வே, வங்கி இரண்டின் மீதும் வழக்குப் போடலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: அம்மா, மேலாளர் திட்டியதை விடுங்கள். ரயில்வேயையும் விடுங்கள். அது ரயில்வே வைஃபைதான் என்பதற்கே ஆதாரமில்லை. அந்தப் பெயரில் எவன் வேண்டுமானாலும் தன் போனில் ஹாட்ஸ்பாட் போடலாம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குச் சொல்லியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இது நாள் கணக்கு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்றால், 3 வேலைநாளுக்குள் தெரிவித்தவருக்கு முழுப் பணம். 4 முதல் 7 நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்கில் ரூ.10,000 வரை நம் தலையில். எஸ்எம்எஸ் வந்த நாள் சேராது. இரண்டாம் சனி, ஞாயிறு போக, நீங்கள் எழுதிக் கொடுத்தது ஐந்தாம் நாள். திங்களன்று அழுததற்குப் புகார் எண் கிடையாதே!

எனக்குப் பயம் உங்கள் 'என்னவோ'வில்தான். ஓடிபியைக் கொடுத்தது வாடிக்கையாளரின் அலட்சியம் என்று ஆனால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் முழுக்க அவருடைய நஷ்டம். அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. ஆனால் வக்கீலான என்னிடம் வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் அந்த வேலையை வங்கிக்கு வைப்பதில்லை. 'என் அறிவீனத்தால் ஓடிபி கொடுத்துவிட்டேன், கருணை காட்டுங்கள்' என்று தாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நுகர்வோர் ஆணையத்தில் வங்கி வக்கீல் முதலில் நீட்டுவது அந்தக் கடிதத்தைத்தான்.

நினைவில்லாததை ஒப்புக்கொண்டு எழுதாதீர்கள். அதற்காகப் பொய்யும் வேண்டாம். எந்த நொடியில் ஓடிபி போனது, எப்போது அது திரும்ப வந்தது என்பதெல்லாம் வங்கி சர்வரில் இருக்கும். குறுக்கு விசாரணையில் கிழிந்துவிடும். முதலில் உங்கள் போனில் அந்த மெசேஜைத் தேடுங்கள். அழிக்காதீர்கள். 1 ரூபாய் என்று இருக்கிறதா, பெரிய தொகையா? பலர் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்து அடித்துவிட்டு, பக்கத்திலேயே இருந்த தொகையை என் ஆபீஸில் உட்கார்ந்துதான் முதன்முதலாகப் படிக்கிறார்கள்.

பத்தாயிரத்துக்காக எழுபத்து நாலாயிரத்தைப் பணயம் வைக்காதீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன், காகிதத்தில் 'என் கவனக்குறைவால்' என்ற சொல் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். வருவது தற்காலிக வரவா, இறுதியானதா என்றும் எழுத்தில் கேளுங்கள். புகாருக்குப் பின் 10 வேலைநாளில் வங்கி போடுவது தற்காலிக வரவு. விசாரணை முடிந்ததும் அதைத் திரும்ப எடுத்த கதைகள் என்னிடம் உண்டு.