நாலு போல்ட் ஓட்டை பொருந்தினால் போதுமா?

கே: என் கார் இருபது வயதைத் தாண்டியது. 13 இன்ச் இரும்பு வீல், அதில் 5ஜே ஈடி40 என்று இருக்கிறது, டயர் 175/70 ஆர்13. பழைய அலாய் வீல் ஒரு செட் விலைக்கு வந்திருக்கிறது, 15 இன்ச், பின்னால் 7ஜே ஈடி35, 4×100 என்று பதித்திருக்கிறார்கள். என் வண்டிக்கும் நாலு போல்ட்தான். "எல்லாத்துக்கும் பொருந்தும், கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

ப: கண்ணைத் திறந்துகொண்டே பார்ப்போம். நாலு போல்ட் என்பது எண்ணிக்கை மட்டும்தான். அந்த நாலு ஓட்டைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் போட்டால் அதன் விட்டம் எவ்வளவு என்பதே கேள்வி, அதைத்தான் பிசிடி என்கிறோம். 4×100 என்றால் நாலு ஓட்டை, பிசிடி 100 மி.மீ. 98, 100, 108 என்று நாலு போல்ட்டிலேயே பல அளவுகள் உண்டு. உங்கள் பழைய வீலைக் கழற்றி எதிரெதிரே இருக்கும் இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்து பாருங்கள், தெரிந்துவிடும். 98க்கும் 100க்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. ஆளைப் போட்டு இறுக்கினால் உட்கார்ந்துவிடும், ஆனால் போல்ட் சாய்வாக ஏறியிருக்கும், ஓட ஓட அது தளரும். "ரெண்டு மில்லிமீட்டர்தானே சார்" என்பவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்து நடு ஓட்டை. அது உங்கள் ஹப்பைவிட (வண்டியில் வீல் ஏறி உட்காரும் மையப் பகுதி) சின்னதாக இருந்தால் வீல் ஏறாது, கதை முடிந்தது. பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்க ரிங் கிடைக்கிறது, போட்டுக்கொள்ளலாம். போடாமல் விட்டால் வீல் நடுவில் சரியாக உட்காராமல் வேகத்தில் ஸ்டீரிங் உதறும், நீங்கள் பாலன்சிங் செய்து செய்து ஓய்ந்துபோவீர்கள்.

இந்த செட்டில் என்னைத் தயங்க வைப்பது அகலமும் ஆஃப்செட்டும்தான். 7ஜே என்றால் ரிம்மின் அகலம் 7 இன்ச். ஈடி என்பதுதான் ஆஃப்செட்; ஈடி35 என்றால் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் 35 மி.மீ. வெளிப்பக்கமாக இருக்கிறது என்று பொருள். ஒரு இன்ச் 25.4 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போதைய வீலோடு ஒப்பிட்டால் புதியது வெளியே சுமார் 30 மி.மீ., உள்ளே சுமார் 20 மி.மீ. கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே மட்கார்டு விளிம்பு, உள்ளே ஷாக் அப்சார்பர், இரண்டு பக்கமும் உரச வாய்ப்பு! நின்ற இடத்தில் மாட்டிப் பார்த்து சரி என்று சொல்லிவிடாதீர்கள், ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, பின்சீட்டில் ஆள் ஏற்றிப் பாருங்கள்.

டயரும் கூடவே வருகிறதா? டயரில் முதல் எண் அகலம் மி.மீ.இல், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், கடைசி எண் ரிம்மின் இன்ச். 195/50 ஆர்15 என்றால் மொத்த உயரம் 576 மி.மீ., உங்களுடையது 575, கவலை இல்லை (அந்த டயருக்கு 7ஜே அகலம்தான் உச்சம் என்பது வேறு விஷயம்). அதுவே 195/65 ஆர்15 என்றால் 634 வரும், மீட்டர் 100 காட்டும்போது வண்டி 110இல் போய்க்கொண்டிருக்கும். அதோடு மட்கார்டுக்குள் அடங்குமா என்பதே சந்தேகம்.

என் தீர்ப்பு: இந்த செட்டை விட்டுவிடுங்கள். 14 இன்ச்சில் 5½ஜே அல்லது 6ஜே, ஈடி 40க்குப் பக்கத்தில் கிடைக்கிறதா என்று தேடுங்கள். 185/60 ஆர்14 போட்டால் உயரம் 578 மி.மீ., மீட்டர் ஏமாற்றாது. அதிலும் நான் சொன்ன மற்றதையெல்லாம் அளந்த பிறகுதான் காசு.

கே: பழைய அலாயில் விரிசல் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? பெயிண்ட் புதுசாக இருக்கிறது.

ப: புது பெயிண்ட்தான் முதல் சந்தேகம். வெளிமுகத்தை விட்டுவிட்டு உள்பக்க விளிம்பைப் பாருங்கள், குழியில் விழுந்த அடி அங்கேதான் இருக்கும். டயர் இல்லாமல் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. வெல்டிங் தழும்பு தெரிந்தால் பேரமே வேண்டாம். பாலன்சிங் மெஷினில் சுழற்றச் சொல்லிப் பாருங்கள், கோணல் தெரிந்துவிடும். ரிம்மில் பதித்திருக்கும் எடை வரம்பு, உங்கள் வண்டியின் அச்சு ஒன்றுக்கு அனுமதித்த எடையில் பாதிக்குக் குறையக் கூடாது.

கே: இப்போதிருக்கும் போல்ட்டையே அலாய்க்குப் போடலாமா?

ப: பெரும்பாலும் முடியாது, யாரும் கேட்காத இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. போல்ட் உட்காரும் இடம் சிலதில் கூம்பு, சிலதில் உருண்டை, சிலதில் தட்டை; கூம்பு போல்ட்டை உருண்டைக் குழியில் போட்டால் மெல்லிய ஒரு வளையம் மட்டும்தான் ஒட்டும், இறுக்கம் நிற்காது. நீளமும் மாறும், அலாய் தடிமன் அதிகம். எம்12×1.5 மரை என்றால் கையால் சுற்றும்போது எட்டுச் சுற்றாவது உள்ளே போக வேண்டும். ரொம்ப நீளமாக இருந்தாலும் ஆபத்து, பின்பக்க டிரம் பிரேக்குக்குள் போய் இடிக்கும். மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து மறுபடி சரிபாருங்கள். அப்புறம், ஸ்டெப்னி இரும்பு வீலாகவே இருக்கப் போகிறது என்றால் பழைய போல்ட் செட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் டிக்கியிலேயே வையுங்கள், அதற்கு அதுதான் வேண்டும்.