நீச்சல் குளமும் குளவியும்: சில கேள்விகள், சில பதில்கள்

வெயில் ஏற ஏற, குளவியைப் பற்றிய கேள்விகளும் ஏறிக்கொண்டே போகின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மதியம் ஆனால் போதும், வீட்டுப் பின்புற நீச்சல் குளத்துக்குக் குளவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. குளோரின் முறையாகத்தான் போடுகிறோம். அந்த வாடைக்கு ஓடாதா?

ஓடாது. குளிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கும். அது கிருமிக்கு எமன், குளவியை ஒன்றும் செய்யாது. உப்புநீர்க் குளம் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள், அவர்களுக்கும் இதே பதில்தான்.

வருவது தண்ணீருக்காக. வெயில் உச்சிக்குப் போகும்போது கூட்டுக்குள் இருக்கும் புழுக்கள் வெந்துவிடாமல் காப்பாற்ற வேண்டும். அதற்காக வேலைக்காரக் குளவிகள் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போய் அறைகளின் மேல் துளித்துளியாக வைத்து, இறக்கையால் விசிறுகின்றன. தண்ணீர் ஆவியாகும்போது கூடு குளிர்கிறது. கூடு கட்டவும் தண்ணீர் வேண்டும். பழைய மரப்பலகையைச் சுரண்டி எடுத்த நாரை எச்சிலும் தண்ணீரும் சேர்த்து மென்றால்தான் காகிதக் கூழ் கிடைக்கும். உங்கள் மரத்தளத்திலோ வேலியிலோ நரைத்த பலகை இருந்தால் உற்றுப் பாருங்கள். வெளிறிய சிறு கோடுகள் பக்கம் பக்கமாகத் தெரியும். அது குளவி சுரண்டிய தடம். காற்றில்லாத நேரத்தில் அந்தச் சத்தமே காதில் விழும்.

தண்ணீர் எடுக்க வரும் குளவி சண்டைக்கு வருவதில்லை. காவல் காப்பதற்குக் கூடு இங்கே இல்லை. கால்களைப் பரப்பிக்கொண்டு நீர்ப்பரப்பில் உட்காரும், ஒவ்வொரு காலடியிலும் தண்ணீர் சற்றே குழியும், குளத்தின் அடியில் அந்தக் குழிகளின் நிழல் வட்ட வட்டமாக விழும். குடித்துவிட்டுக் கிளம்பிவிடும். கையை வீசினால், மிதித்தால், நீச்சல் உடைக்குள் சிக்கினால்தான் கொட்டும்.

முதலில் செய்ய வேண்டியது, கிளம்பும் குளவி எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது. வயிறு நிறையத் தண்ணீர் சுமந்த குளவி சுற்றித் திரியாது, பெரும்பாலும் நேராகக் கூட்டுக்குத்தான் போகும். கூடு உங்கள் வீட்டிலேயே, பத்தடி தூரத்தில் இருக்கலாம்.

"வேறு இடத்தில் தண்ணீர் வையுங்கள், அங்கே போய்விடும்" என்றார்கள். தட்டில் வைத்தேன். ஒரு குளவிகூட அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

யோசனை சரி, வைத்த நேரமும் விதமும் சரியில்லை என்று நினைக்கிறேன். குளவிக்கு இடம் மனதில் பதிந்துவிடும். ஒருமுறை நல்ல தண்ணீர் கிடைத்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும். குளத்துக்கு வரப் பழகிய பிறகு வைக்கும் தட்டை அது ஏன் பார்க்கப்போகிறது? அதனால் கூடு சிறிதாக இருக்கும் பருவத் தொடக்கத்திலேயே வைத்துவிட வேண்டும்.

பழகிவிட்ட குளவியையும் மாற்றலாம், கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆழமில்லாத பாத்திரத்தில் கூழாங்கல் நிரப்பி, கல் தலை தெரியும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அவை அதிகம் இறங்கும் குளத்து ஓரத்திலேயே வையுங்கள். ஆட்கள் குளிக்காத நாட்களில் இதைச் செய்யுங்கள். அதில் உட்காரத் தொடங்கியதும், நாளுக்குக் கொஞ்சமாக அவை பறந்து வரும் திசையை நோக்கி நகர்த்துங்கள். சொட்டுச் சொட்டாக விழும் குழாயடியில், ஈரம் ஊறிய கல்லோ பாசியோ இருந்தால் இன்னும் நல்லது. திறந்த நீர்ப்பரப்பைவிட ஈரமான ஓரத்தில் நின்று குடிப்பது அவற்றுக்கு வசதி. கொசு முட்டையிடாமல் இருக்க, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

அதே சமயம் குளத்தருகே இலவசமாகக் கிடைக்கும் மற்ற ஈரத்தையெல்லாம் ஒழியுங்கள்: ஒழுகும் குழாய், பம்ப் இணைப்பில் கசிவு, சுருட்டிப் போட்ட ஈரத் துண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், குளத்தை மூடும் தார்ப்பாயின் மேல் தேங்கும் தண்ணீர். குளத்தை மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். குளவிக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைக் குளத்தில் கொஞ்சம் ஊற்றினால் குளவி மூழ்கிவிடுமாமே?

மூழ்கும்தான். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுவதால் குளவியால் மிதக்க முடியாது. ஆனால் குளம் முழுக்க நுரை வரும், குளோரின் வீணாகும், கண் எரியும். வேண்டாம். அந்தச் சோப்புத் தண்ணீரைத் தெளிப்பான் புட்டியில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலில் வேலை இருக்கிறது.

குளத்தோரக் குடையை விரித்தேன். உள்ளே, கம்பியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு சின்னக் கூடு, அதில் ஒரே ஒரு குளவி. நானே எடுக்கலாமா?

இந்த நிலையில் எடுக்கலாம். நீங்கள் பார்த்தது அநேகமாக ராணி. ஆரம்பத்தில் அவள் தனியாளாகவே கூடு கட்டுவாள். மெல்லிய ஒரு காம்பில் சில அறைகள் தொங்கும். அந்தக் காம்பில் எறும்பு ஏறாமலிருக்க அவளே ஒரு சுரப்பைப் பூசிவைப்பாள். கெட்டிக்காரி!

இருட்டத் தொடங்கியதும், முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு, சோப்புத் தண்ணீரை அவள் மேல் நன்றாகப் பீய்ச்சுங்கள். உடலின் பக்கவாட்டில் உள்ள மூச்சுத் துளைகள் அடைபட்டு அடங்கிவிடும். பிறகு நீளமான கழியால் கூட்டைத் தட்டிவிட்டு, காம்பு ஒட்டியிருந்த இடத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். கொல்ல மனமில்லை என்றால், பகலில் ராணி வெளியே போன நேரத்தில் கூட்டை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆனால் அவள் பக்கத்திலேயே மறுபடி கட்டப் பார்ப்பாள், சில நாட்கள் கண் வைத்திருக்க வேண்டும்.

குடை மட்டும் போதாது. நாற்காலியின் அடிப்பாகம், ஏணியின் பொள்ளலான கைப்பிடி, குதிக்கும் பலகையின் அடி, வடிகட்டித் தொட்டியின் மூடி, கூரை விளிம்பு, இவையெல்லாம் மழை படாத, காற்றோட்டமுள்ள இடங்கள். பருவத் தொடக்கத்தில் வாரம் ஒருமுறை ஒரு சுற்று வந்தால், பின்னால் பெரிய தலைவலி வராது.

கூடு பெரிதாகி வேலைக்காரக் குளவிகள் மொய்க்கும்போதோ, தரைப் பொந்திலோ சுவருக்குள்ளோ கூடு இருக்கும்போதோ, அல்லது அது கதண்டு என்னும் பெரிய குளவியின் கூடு என்றாலோ, ஆள் வைத்துத்தான் எடுக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றுவது, தீ வைப்பது இரண்டும் குளவியைவிட ஆபத்தானவை. குளத்தருகே பூச்சிமருந்து அடிக்க வேண்டியிருந்தால் தண்ணீரில் படாமல் மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். பைரித்ராய்டு வகை மருந்துகள் மீன்களுக்குக் கடும் நஞ்சு. பக்கத்தில் மீன் தொட்டியோ ஓடையோ இருந்தால் இன்னும் கவனம்.

குளவிப் பொறி, போலிக் கூடாகத் தொங்கவிடும் காகிதப் பை, புதினா எண்ணெய், இவற்றில் எது வேலை செய்யும்?

பொறியில் வைப்பது இனிப்பு அல்லது இறைச்சி. உங்கள் குளத்துக்கு வருவது தாகத்தோடு வரும் குளவி. அது பொறியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போக வாய்ப்பு அதிகம். போதாக்குறைக்கு, பொறியைக் குளத்தருகே தொங்கவிட்டால் அந்தப் பக்கமே வராதிருந்த குளவிகளையும் அது வரவழைக்கும். வைத்தே தீருவேன் என்றால் ஆட்கள் உட்காரும் இடத்திலிருந்து எட்ட வையுங்கள். காகிதப் பையை நான் நம்புவதில்லை. புதினா எண்ணெய் வாடை இருக்கும்வரை ஓரளவு விலக்கும், வெயிலில் அந்த வாடை எவ்வளவு நேரம் நிற்கும்?

எங்கள் குளத்துக்கு வருவது தேனீயோ என்று சந்தேகம். எப்படித் தெரிந்துகொள்வது?

தேனீ உடம்பெல்லாம் பூமயிரோடு, பழுப்பாக, உருண்டையாக இருக்கும். குளவி வழவழவென்று, ஊசி இடையோடு இருக்கும். பறக்கும்போது சில குளவிகளின் பின்கால்கள் தொங்கும். தேனீ என்றால் கொல்லாதீர்கள், தேனீ வளர்ப்பவர் யாரையாவது கூப்பிடுங்கள். தேனீ தன் கூட்டாளிகளுக்கு நடனமாடித் தண்ணீர் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும் என்பதால், மாற்றுத் தண்ணீரை இன்னும் சீக்கிரம் வைக்க வேண்டும்.

மிதந்துகொண்டிருந்த செத்த குளவியை மகள் கையில் எடுத்தாள், கொட்டிவிட்டது! செத்தது எப்படிக் கொட்டும்?

பெரும்பாலும் அது சாகவில்லை, நனைந்து மயங்கிக் கிடந்திருக்கும். உண்மையிலேயே செத்த குளவியின் கொடுக்கும் கொஞ்ச நேரத்துக்குத் தானாக அசையும். குழந்தைகள் இறங்குமுன் வலையால் ஒருமுறை அரித்துவிடுங்கள். குப்பை சேரும் கூடைக்குள் வெறும் கையை விடவே கூடாது.

கொட்டினால் முதலில் தண்ணீரை விட்டு வெளியே வர வேண்டும். மயக்கம் வருவதானால் அது குளத்துக்குள் வரக்கூடாது. சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வையுங்கள். குளவி கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, தேனீ விட்டுவிடும், அதை உடனே எடுத்துவிடுங்கள். வினிகர், சுண்ணாம்பு எதுவும் தோலுக்கு அடியில் இறங்கிய நஞ்சை எட்டாது.

உடம்பெல்லாம் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி, தலைசுற்றல், இவற்றில் ஏதாவது தெரிந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் அவசர உதவியை அழையுங்கள். கடும் ஒவ்வாமைக்குப் போடும் எபிநெப்ரின் ஊசி கைவசம் இருந்தால் உடனே போடுங்கள். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால், ஒவ்வாமை இல்லாதவருக்கும் வீக்கம் மூச்சை அடைக்கலாம். திறந்த குளிர்பானக் கேனைக் குளத்தோரம் வைத்துவிட்டு, பிறகு பார்க்காமல் குடிப்பதால் நேரும் விபத்து இது. மூடியுள்ள புட்டி வாங்குங்கள்.

குளவிக் கூட்டம் துரத்தினால் குளத்தில் குதித்துவிடலாமா?

கூடாது. மூச்சுக்கு மேலே வரும்போது அவை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துங்கள். கூட்டருகே குளவியை நசுக்காதீர்கள், அதன் நஞ்சின் வாடையே மற்றவற்றைக் கிளப்பிவிடும்.

பம்ப் அறைச் சுவரில் மண் கூடுகள் நிறைய இருக்கின்றன. இடித்துவிடவா?

அவை மண் குளவிகள். தனியாக வாழ்பவை, கூட்டுக்காகச் சண்டை போடாதவை. சிலந்தியைப் பிடித்துக் குஞ்சுக்கு அடைத்துவைப்பவை. கையால் பிடித்தாலொழியக் கொட்டாது. சுவரில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். துளைகளைத்தான் பார்க்க வேண்டும். காற்றுத் துவாரம், பயன்படுத்தாத குழாய் முனை எதையும் அவை மண்ணால் அடைத்துவிடும். 1996இல் டொமினிக்கன் குடியரசில் ஒரு போயிங் 757 விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். வேகம் காட்டும் குழாயை மண் குளவி அடைத்திருக்கலாம் என்றே விசாரணையாளர்கள் கருதினார்கள். உங்கள் பம்ப் விமானம் இல்லைதான். என்றாலும் நீண்ட நாள் ஓடாத மோட்டாரைப் போடுமுன் அதன் காற்றுத் துவாரத்தை ஒருமுறை பாருங்கள், திறந்த குழாய் முனைகளுக்கு மூடி போடுங்கள்.